சந்தகை தின்றவர்களும் சந்தகை பிழிந்தவர்களும்

கோயமுத்தூரில் இப்போது பழசுக்குத்தான் மவுசு. அவிநாசி ரோட்டில் கருமத்தம்பட்டிப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டிக் காப்பி, நாட்டுச்சர்க்கரை, நாட்டு மாட்டுப் பால், கம்மங்கூழ், மண்சட்டிச் சமையல் என்று பலகைக்குப் பலகை அந்தக் காலத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோபியில் புதுக்கடை திறந்தால் ‘மாடர்ன்’ என்றோ ‘நியூ’ என்றோ பேர் வைப்பார்கள். புதுசு என்றால்தான் சனம் உள்ளே வரும். இன்றைக்குத் திறக்கிற கடைக்கு ‘பாரம்பரிய’ என்று முன்னால் போடாவிட்டால் முதலாளிக்கே தைரியம் வருவதில்லை.

நானும் அந்தக் கடைகளில் வாங்குகிறவள்தான். செக்கில் ஆட்டின கடலெண்ணெய் இல்லாமல் எங்கள் வீட்டில் தாளிப்பு கிடையாது. இந்த ஏக்கத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. பழையதை விரும்பி வாங்குவதில் எனக்குச் சந்தோசம் இருக்கிறது, அதை விட்டுவிடப் போவதும் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாகக் கடையில் நிற்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வருகிறது. ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்று வளர்ந்த குடும்பத்தில், இந்த ஏக்கம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை?

கேள்வியைக் கிளப்பிவிட்டது ஒரு சந்தகை மிஷின். தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, பெங்களூரிலிருந்து வந்த அண்ணன், இரும்புக் கால் வைத்த பித்தளை மிஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

சந்தகை தெரியாத வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பார்க்க இடியாப்பம் மாதிரி இருக்கும். ஆனால் இடியாப்பத்தில் மாவைப் பிழிந்து வேகவைக்கிறோம். சந்தகையில் வெந்ததைப் பிழிகிறோம். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, புளிக்கவிடாமல் அப்படியே இட்லியாக ஊற்றி, வெந்த சூட்டோடு அந்த இட்லியை உருளைக்குள் போட்டுத் திருக வேண்டும். ஆறிவிட்டால் இறுகிப்போகும், பிடி நகராது. அதனால் ஒரு ஈடு இறங்கிப் பிழிபட, அடுத்த ஈடு அடுப்பில் வேக, அதற்கடுத்த ஈட்டுக்கு மாவு தயாராக என்று கை ஓயாமல் ஓட வேண்டும். மிஷினின் மூன்று காலும் அசையாமல் ஒருவர் மிதித்துப் பிடிக்க, ஒருவர் மேலே இருக்கிற பிடியைச் சுற்ற வேண்டும். கீழே இன்னொருவர் வட்டலை, அதாவது தட்டை, திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்து கட்டியாகிவிடும். எங்கள் வீட்டில் பிடி அம்மாவுக்கு, கால் எனக்கு, வட்டல் அம்மாவைப் பெற்ற அம்முச்சிக்கு. அப்பாவும் அண்ணனும் விருந்துக்கு வந்த ஒரம்பரையும் ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஈடுகளெல்லாம் ஆவி பறக்க அங்கே போகும். முதலில் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும், அப்புறம் கோழிக்குழம்பு. நாங்கள் மூன்று பேரும் உட்காரும்போது சந்தகை ஆறியிருக்கும். அம்மாவின் உள்ளங்கை சிவந்து காந்திக்கொண்டிருக்கும்.

அண்ணன் மிஷினைப் பிரித்து வைத்ததும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதையெதுக்கு சாமி வாங்கியாந்தே? ஊட்ல இருந்ததையே நாந்தான் பழைய இரும்புக்குப் போட்டேன்.”

“கடைச் சந்தகைல அந்த ருசி வரதில்லீங்கம்மா.”

“ருசியெல்லாம் வரும். ஆரு திருகறது?”

அன்றைக்கு அண்ணன்தான் திருகினார். கால் பிடிக்க அவர் மகன். சட்டையெல்லாம் வேர்வையாக, இரண்டு பேரும் விடாமல் பிழிந்தார்கள். அம்மா ஆசாரத்தில் உட்கார்ந்து முதல் ஈட்டைச் சூடாகத் தின்றார். “சூட்டோட தின்னா இது வேற மாதிரியில்ல இருக்குது” என்றார். அறுபது வருசமாகச் சந்தகை செய்த ஒருவர் சொன்னது அது.

அண்ணனின் நினைவில் பொய் ஏதும் இல்லை. தேங்காய்ப்பாலின் மணமும், ஆசாரத்துச் சிரிப்பும், நோம்பி நாளின் வெயிலும் அவர் மனசில் அச்சு அசலாக இருக்கின்றன. ஆனால் அந்த நினைவு ஆசாரத்திலிருந்து பார்த்தது. அடுப்படியிலிருந்து பார்த்த நினைவுக்கு அந்த மிஷினை வாங்கத் தோன்றாது, எடைக்குப் போடத்தான் தோன்றும். பழசைத் தேடி நாம் வாங்குவதில் பெரும்பகுதி தின்றவர்களின் நினைவு சொல்லி வாங்குவது என்று எனக்குப் படுகிறது.

கோயமுத்தூரைவிட இதற்குப் பெரிய சாட்சி வேறு ஊர் இருக்க முடியாது. 1955-ல் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கியது இந்த ஊரில்தான். ஆட்டுக்கல்லின் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் சுற்றி மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி நிற்கவைத்த மிஷின் அது. பிறகு அதுவே இந்த ஊரின் பெரிய தொழிலாகி, 2005-06-ல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் வாங்கியது. 2011-ல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுத்தபோது வரிசையில் நின்ற பெண்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டுக்கல்லுக்காக அவர்களில் ஒருவர்கூட ஏங்கவில்லை. இன்றைக்கு அதே கோயமுத்தூரில் அம்மியும் ஆட்டுக்கல்லும் சின்ன அளவில் கொத்தி, ஷோகேசில் வைக்க விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்கள், எனக்குச் சின்னவர்கள். மாவாட்டிய தலைமுறை அந்தக் கடையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

பித்தளைக் கதையும் இதேதான். எங்கள் அம்முச்சி தன் சீர்வரிசைப் பித்தளையில் பாதியைத் தெருவில் வந்த வியாபாரியிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினார். அதில் அவருக்கு இருந்த பெருமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், ஈயம் பூச ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். எவர்சில்வரைச் சாம்பலில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கவிழ்த்துவிடலாம். அந்தக் குண்டாக்களின் சாயலில் இப்போது பெரிய கடை வீதியில் அடுக்கி வைத்திருக்கிற பித்தளையை அம்முச்சியின் பேத்திகள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்கின பிறகுதான் ஈயம் பூசுகிறவரைத் தேடுகிறோம். பாத்திரத்துக்கான ஏக்கம் திரும்பி வந்துவிட்டது. பூசுகிற கை வேறு வேலைக்குப் போய்விட்டது.

இந்த ஏக்கத்தை ஆராய்ச்சிக்காரர்கள் நெடுங்காலமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த ஊரைப் பிரிந்து வாடும் சுவிட்சர்லாந்துக்காரர்களைப் பற்றி எழுதியபோது இதை ஒரு நோயாகத்தான் பார்த்தார். முந்நூறு வருசத்தில் நோய் விற்பனைத் தந்திரமாகிவிட்டது. 1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் பல வயதினருக்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். அவரவருக்கு 23, 24 வயசு நடந்தபோது வந்த பாட்டுகள்தான் மேலே நின்றன. ஈரோடு - கோபி தனியார் பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. டிரைவரின் வயசு என்ன என்பதை ஓடுகிற பாட்டே சொல்லிவிடும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 2014-ல் லாசலேட்டா, செடிகிடிஸ், வோஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு. பழைய நினைவில் இருக்கிறவர்களுக்குக் காசை இறுகப் பிடித்துக்கொள்ளும் எண்ணம் தளர்கிறது, பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் முன்வருகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். நமக்கு நம் சனம் இருக்கிறது என்ற தெம்பு வந்துவிட்டால் காசின் பிடி தளரும் என்பது அவர்கள் சொல்கிற காரணம். எனக்கு இது சரியாகத்தான் தோன்றுகிறது. செக்குக் கடையில் கடலெண்ணெய் மணம் மூக்கில் ஏறிய அந்த நிமிசத்தில் நான் விலை கேட்பதே இல்லை. அம்முச்சி வீட்டுக் கொல்லைப்புறம், எங்கள் பேச்சில் பொடக்காளி, வரைக்கும் போய்விட்டு வருகிற மனசு ரேட்டைப் பார்க்குமா?

பார்க்காது என்பது விற்கிறவர்களுக்கும் தெரியும்.

செக்கெண்ணெய் விசயத்தில் அந்தக் கூடுதல் காசுக்கு நியாயம் இருக்கிறது. வாகை மரச் செக்கு மெதுவாகச் சுற்றுகிறது, அதிகம் சூடேறுவதில்லை, அதனால் கடலையின் மணம் எண்ணெயிலேயே தங்குகிறது. ரீபைண்டு எண்ணெயில் நிறத்தையும் மணத்தையும் எடுப்பதற்கென்றே தனித்தனிக் கட்டங்கள் உண்டு. செக்கில் ஒரு கிலோ எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ கடலைப்பருப்பு போட வேண்டியிருக்கிறது என்று ஆட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். பருப்பு விலையைப் பெருக்கிப் பார்த்தாலே எண்ணெய் விலை ஏன் அப்படி என்பது விளங்கிவிடும். எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவதைக் கடை வாசலிலேயே நின்று பார்க்கலாம். பலகையில் செக்கு மாட்டை வரைந்திருந்தாலும் உள்ளே சுற்றுவது மோட்டார். மாடு தப்பித்தது என்றுதான் நான் நினைக்கிறேன். மணம் மாட்டிடமிருந்து வரவில்லை, கடலையிலிருந்தும் வேகத்திலிருந்தும் வருகிறது.

சர்க்கரைக்கு வந்தால் கதை கலங்குகிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வாராவாரம் சுற்றுவட்டார ஆலைக்காரர்கள் நாட்டுச்சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் கொள்முதல் செய்வது இங்கேதான். நான் வளர்ந்த காலத்தில் அதற்கு வீட்டில் இரண்டாம் இடம்தான். வெளியாள் வந்தால் அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரைதான் போட வேண்டும். நாட்டுச்சர்க்கரைக் காப்பி கொடுத்தால் குடும்பத்துக்குக் கவுரவக் குறைச்சல். வெல்லத்திலும் சர்க்கரையிலும் வெளிறிய மஞ்சள் நிறத்துக்கே மதிப்பு என்பதால் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத்தைப் போட்டு வெளுக்கிற பழக்கம் வந்தது. வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து காய்ச்சுகிறவர்களும் வந்தார்கள். இப்போது காற்றுத் திரும்பி, கருத்துப் பழுப்பாக இருந்தால்தான் அசல் என்று நகரத்தில் கேட்கிறார்கள். அம்மா இன்னும் மஞ்சளைத்தான் கையில் எடுக்கிறார், என் மகள் கருப்பை எடுக்கிறாள். இரண்டு பேரும் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். பாகு காய்ச்சுகிற கொப்பரையின் பக்கம் இரண்டு பேரும் போகவில்லை. ஏக்கம் நிறத்தை நம்பினால் நிறத்தைச் செய்து கொடுக்க ஆள் வந்துவிடும்.

கம்பும் ராகியும்கூட இப்படித்தான் ஏறி வந்தன. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து, கீழ்பவானி வாய்க்கால் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் காடுகள் வயலாயின. அதற்கு முன்னால் நெல்லஞ்சோறு நோம்பி நொடிக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, களி. அப்பாருவுக்குக் கடைசிவரை கம்பு பிடிக்காது. வேறு வழியில்லாமல் தின்றதைத் திரும்பத் தின்னச் சொன்னால் கோபம் வரும் அவருக்கு. அவர் பேரன் பேத்திகள் கம்மங்கூழ் கடையில் வரிசையில் நிற்கிறோம். உடம்புக்கு நல்லதென்று நிற்பது சரி. எங்கள் பாட்டன் சாப்பாடு என்று பெருமையாக நிற்பதும் சரிதான். அந்தப் பாட்டனுக்கு அது பெருமையாக இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது அவருக்குச் செய்கிற மரியாதை.

நாக்கும் நினைவும் வேறு வேறு என்பதற்கு உலகம் பூராவும் சொல்லும் உதாரணம் 1985-ல் அமெரிக்காவில் நடந்தது. கோக கோலா கம்பெனி பேர் சொல்லாமல் குடிக்கக் கொடுத்துச் சோதித்தபோது சனத்துக்குப் புது ருசிதான் பிடித்தது. அதை நம்பிப் பழையதை நிறுத்தினார்கள். ஊரே கொதித்தது. 79 நாளில் பழையது திரும்பி வந்தது. நம் பக்கத்தில் 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியை விற்பதில்லை என்று அறிவித்தபோது, பெட்டிக்கடைகளில் காளிமார்க்கின் பொவொண்டோ முன்வரிசைக்கு வந்தது. அதில் ஏக்கமும் இருந்தது, ரோசமும் இருந்தது. 2023-ல் ரிலையன்ஸ் திரும்பக் கொண்டுவந்த கேம்பா கோலாவை மட்டும் முழுக்க ஏக்கத்தின் கணக்கில் எழுத எனக்கு மனசில்லை. அதைக் குடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பழைய கேம்பாவைத் தெரியவே தெரியாது. பேர் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவைக்கும், பத்து ரூபாய் பாட்டில்தான் பிள்ளையை வாங்கவைக்கும்.

ஆகவே நான் இப்போது கடைகளில் ஒன்றைக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்: “இதை ஆருங்க செய்யறாங்க?” பதில் சட்டென்று வருகிற கடையில் காசு கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. “அதெல்லாம் பாரம்பரியமானதுங்க” என்று பதில் வந்தால் வெளியே வந்துவிடுவேன். கோபியில் சில பெண்கள் சேர்ந்து சந்தகை செய்து விற்கிறார்கள். மாவாட்டுவதும் பிழிவதும் மோட்டாரில். அங்கே ஒரு நாள் பேச்சு வந்தது.

“கையில பிழிஞ்சதுங்களான்னு எல்லாருங் கேக்கறாங்கக்கா. மெசினுன்னு சொன்னா மொகம் சுருங்கிப்போவுது. ‘கையில பிழிந்தது’ன்னு போர்டு வெய்யி, எச்சா வெலை போடலாம்னு வேற சொல்றாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வந்து ஒரு நாளைக்குத் திருகிப் பாருங்க, அப்பறம் போர்டு வெச்சர்லாம்னேன்.”

அந்தச் சந்தகைக்கும் வீட்டுச் சந்தகைக்கும் ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரியலாம்.

எல்லாக் கையையும் மிஷினுக்கு மாற்றிவிட முடியாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. பவானி ஜமுக்காளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கியது. 1985-ம் வருசத்துச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஜமுக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறியில் ஓடியது பவானி என்ற பேரில் விலை குறைவாகக் கிடைக்கிறது. தொட்டுப் பார்த்தால் கனத்திலேயே வித்தியாசம் தெரியும். குழித்தறியில் கால் மிதித்து, அகலமான ஜமுக்காளத்துக்கு இரண்டு பேர் அக்கம்பக்கம் உட்கார்ந்து நெய்கிறார்கள். இங்கே கை போனால் பொருளே போய்விடும்.

நகரத்தில் ஜமுக்காளத்துக்கு ஏக்கம் இருக்கிறது. அந்தப் பட்டைப் பட்டையான சிவப்பும் பச்சையும் நீலமும் கண்ணில் பட்டால் என் வயசுக்காரர்கள் நிற்காமல் போக மாட்டோம். கல்யாண வீட்டில் சந்தனமும் கதம்பமும் மணக்க, அதன் மேல் உருண்டு விளையாடி, அதிலேயே தூங்கிப்போனவர்கள் நாம். ஆனால் வாங்குவது என்ன? தோள்பை, லேப்டாப் உறை, சாப்பாட்டு மேசை விரிப்பு. வீட்டில் விரிக்க இடமில்லை, மண்டபத்தில் நாற்காலி வந்துவிட்டது. நினைவைக் கைக்கு அடக்கமாக வெட்டி எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பைகளால் வேலை பிழைத்த குடும்பங்களும் உண்டு, அதனால் அதையும் குறைசொல்ல மாட்டேன். பவானியில் ஒரு நெசவாளரிடம் பைகள் நன்றாகப் போகின்றனவே என்று கேட்டேன். வயசானவர், தறியை விட்டு எழாமலே சொன்னார்.

“போவுதுங்க. ஆனாப் பைக்கு இத்தனை அகலத் தறி எதுக்குங்க? இது கலியாணத்துக்கு நெய்யற தறி. கூட உக்கார இன்னொரு ஆளு வேணும். என்ற பையன் வர மாட்டீங்கறான், குடுக்கற கூலிக்கு நான் எப்பிடிக் கூப்பிடறதுங்க?”

ஆவணியில் எங்கள் சின்னம்மா பேத்திக்குக் கல்யாணம். இணைச்சீருக்கும் மற்ற சீருக்கும் எங்கள் சனம் இன்னும் தரையில்தான் உட்காருகிறது. மண்டபத்துக்காரர் விசைத்தறி விரிப்பு வாடகைக்குத் தருகிறார். சின்னம்மாவிடம் பேசி அதை வேண்டாம் என்று சொல்லவைத்து, பவானியில் பெரிய அகலத்தில் இரண்டு சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் யார் வீட்டில் எடுத்து வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பங்காளி வீடுகளில் அடுத்த கல்யாணம் தையில் இருக்கிறது, அங்கேயும் அதையே விரிக்கலாம் என்று பெரியம்மா மகன் சொல்லியிருக்கிறார். மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நெய்ய நாளாகும் என்று அந்தப் பெரியவர் போனில் சொன்னார்.